வல்லமை ஓர் அமானிதம்

யமாமா நாட்டுத் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) அவர்களின் வரலாறு நம்மில் பலரும் கேட்டறிந்ததே. கைதியாகக் கொண்டுவரப்பட்டு மதீனாப் பள்ளிவாசலின் தூணில் கட்டப்பட்டிருந்த அவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வித ஈடுமின்றி விடுவித்தார்கள். அப்பெருந்தன்மையே அவரை இஸ்லாத்திற்குக் கொண்டுவந்தது. பின்னர் அவர் உம்ரா செய்ய மக்கா சென்றபோது குறைஷியர் அவரைப் பழித்துரைத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் இனி மக்காவுக்கு வாராது என அவர் அங்கேயே சூளுரைத்தார்.

சொன்னவாறே செய்தும் விட்டார். மக்காவோ விளைச்சல் இல்லாப் பள்ளத்தாக்கு. வெளியிலிருந்து தானியம் வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். சில காலத்திலேயே அந்நகரம் வாடத் தொடங்கியது. வேறு வழியின்றிக் குறைஷியர், உறவைப் பேணுமாறு கற்பிக்கும் தாங்கள் எங்களைப் பசியில் விடலாமோ என்னும் கருத்தில் நபியவர்களுக்கு மடல் எழுதினர்.

யார் எழுதினார்கள் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நபியவர்களின் குடும்பத்தாரை ஒதுக்கிவைத்து, உண்ண உணவு செல்லாதவாறு தடுத்த அதே மக்கள்! பசியினால் குழந்தைகள் அழுத ஓசையைக் கேட்டும் மனமிரங்காத தலைவர்கள் அவர்களுள் இருந்தனர். பழிக்குப் பழி வாங்க இதைவிட வாய்ப்பான தருணம் வேறில்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள், தானியத்தைத் தடுக்க வேண்டாம் என ஸுமாமாவுக்குப் பணித்தார்கள். மக்கா வெற்றிகொள்ளப்படுவதற்கு முன்பே, அந்நகரம் இன்னும் பகைநகரமாக இருந்தபோதே இது நிகழ்ந்தது.

பிறர் பசியை நீட்டவும் போக்கவும் வல்ல அதிகாரம் ஒருவன் கையில் வந்து சேருமானால் அவன் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ? வல்லமை என்பது உடைமை அன்று, அது அமானிதம். தந்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான்.

ஒரு வல்லரசின் நற்செயல்

நம் காலத்தில் உலகின் பெரும் வல்லமை அமெரிக்க நாட்டின் கையில் இருந்து வருகிறது. அந்நாட்டின் தவறுகளை எடுத்துரைப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் நீதி என்பது வேண்டாதவர் திறத்திலும் காக்கப்பட வேண்டியது எனத் திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. ஆகவே அந்நாடு செய்த நன்மை ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2003 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ், எய்ட்ஸ் நோயால் மடிந்துகொண்டிருந்த ஆப்பிரிக்க மக்களுக்காக ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தார். ஐந்தாண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் அதற்கென ஒதுக்கப்பட்டது. தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்கும் மருந்தும், நோயுற்றோரை உயிரோடு நிறுத்தும் மருந்தும் ஊர்தோறும் சென்றன. இத்திட்டத்தால் 2 கோடியே 50 லட்சம் உயிர்கள் காக்கப்பட்டதாக அந்நாட்டு அரசே மதிப்பிட்டுள்ளது. அதே 2003 ஆம் ஆண்டில்தான் அதே அதிபர் இராக் நாட்டின் மீது படையெடுத்தார் என்பதையும் வரலாறு மறக்காது. ஒரே கரம் ஒருபுறம் மருந்தையும் மறுபுறம் குண்டையும் ஏந்திற்று. இறைவனின் தராசில் இரண்டும் நிறுக்கப்படும். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடாது.

இந்த நற்செயலில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவான நிலையை மாற்றி, 2001 இல் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது பம்பாயின் சிப்லா நிறுவனம். காஜா அப்துல் ஹமீது அவர்கள் 1935 இல் தொடங்கிய அந்நிறுவனத்தை அப்போது நடத்தியவர் அவர்தம் மைந்தர் யூசுப் ஹமீது. விலை குறைந்த இந்திய மருந்துகளே பிற்காலத்தில் அத்திட்டத்தின் முதுகெலும்பாயின.

கை மடங்கியபோது

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகள் அனைத்தையும் நிறுத்திவைத்து ஆணை பிறப்பித்தார். உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு உண்டு என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பணம் வழங்க வேண்டிய அலுவலர்களே வெளியேற்றப்பட்ட நிலையில், பல இடங்களில் மருத்துவ நிலையங்கள் பூட்டியே கிடந்தன. அதிபர் கென்னடி 1961 இல் நிறுவிய உதவி நிறுவனத்தின் திட்டங்களில் நூற்றுக்கு 83 பங்கு மார்ச் மாதத்திற்குள் நீக்கப்பட்டன. ஜூலை முதல் நாளோடு அந்நிறுவனமே மூடப்பட்டது.

இவ்வெட்டுகள் நீடிக்குமானால் 2030 ஆம் ஆண்டிற்குள் 1 கோடியே 40 லட்சம் மரணங்கள் கூடுதலாக நேரக்கூடும் என்றும், அவர்களுள் 45 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளாயிருப்பர் என்றும் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. இது கணிப்பே, முற்றும் நிறைவேறாமற் போகலாம். நிறைவேறாதிருக்க நாம் இறைஞ்சுவோம். ஆனால் ஸூடானில் நடந்தது கணிப்பன்று. 2023 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் போரில் சிக்கிய அந்நாட்டில், இளைஞர்கள் தாமே திரண்டு நடத்திய பொதுச் சமையற்கூடங்களில் பெரும்பகுதி, அமெரிக்கப் பணம் நின்றதும் அடுப்பணைந்து போயின.

மற்றொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. எத்தியோப்பியப் பஞ்சத்தின் படிப்பினையால் 1985 இல் அமெரிக்கா அமைத்த பஞ்ச முன்னறிவிப்பு அமைப்பு ஒன்று உண்டு. எங்கே மழை பொய்த்தது, எங்கே தானிய விலை ஏறியது என ஆராய்ந்து, பசி வரும் முன்பே எச்சரிக்கை தருவது அதன் பணி. அதுவும் 2025 ஜனவரி இறுதியில் நிறுத்தப்பட்டது. சில மாதங்கள் கழித்தே மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஏழாண்டு வளமும் ஏழாண்டு வறட்சியும் வரவிருப்பதை முன்னறிந்து களஞ்சியம் நிறைத்த யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் நமக்கு இதன் பொருள் விளங்கும். அந்தக் களஞ்சியம் மிஸ்ரு நாட்டாருக்கு மட்டும் திறக்கவில்லை. கன்ஆனிலிருந்து வந்த அயலாருக்கும் திறந்தது. அவ்வாறு வந்தவர்கள் தம்மைக் கிணற்றில் தள்ளிய உடன்பிறந்தார் என அறிந்தும், யூசுப் நபி அளவைக் குறைக்கவில்லை.

சொல்லப்படும் காரணங்கள்

தம் மக்களைக் கவனிப்பதே முதற்கடமை என்கின்றனர். உண்மைதான். தன் பொறுப்பில் உள்ளோரிடமிருந்து தொடங்குமாறே மார்க்கமும் கூறுகிறது. ஆனால் தொடங்குவது வேறு, அங்கேயே முடித்துக்கொள்வது வேறு. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை ஏழை நாடுகளுக்கு அளிக்க வேண்டும் என 1970 இல் ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்தது. நூறு ரூபாயில் எழுபது காசு! நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் போன்ற சில நாடுகள் இதனை எட்டின. அமெரிக்கா என்றுமே எட்டியதில்லை. 2024 இல் அது அளித்தது இருபது காசுக்குச் சற்றே மேல். இருபது காசினாலா ஒரு பெருநாட்டின் குடிமக்கள் வறியராயினர்?

உதவி ஊழல்வாதிகளின் கைக்குப் போகிறது என்கின்றனர். இதிலும் உண்மை உண்டு. கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களின் சொத்துக்களைக் கணக்கெடுத்து, முறையின்றிச் சேர்ந்ததைப் பொதுநிதியில் சேர்த்தார்கள். கள்ளன் இருக்கிறான் என்பதற்காகக் களஞ்சியத்தை மூடவில்லை. ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டின் கடும் பஞ்சத்தில், சிரியா முதலிய நாடுகளிலிருந்து தானியம் தருவித்து மக்களுக்குப் பங்கிட்டார்கள். மக்களுக்கு நெய்யும் இறைச்சியும் கிட்டும்வரை தாமும் அவற்றை உண்பதில்லை என உறுதிபூண்டு, வெறும் எண்ணெய் தொட்டு உண்டு மேனி கறுத்துப் போனார்கள்.

மூன்றாவது காரணத்தை நம்மவரே சொல்லக் கேட்கிறோம்: அந்நாடு தன் நலனுக்காகவே கொடுத்தது, நின்றதற்காக நாம் ஏன் வருந்த வேண்டும்? எண்ணத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. கொடுத்தவனின் எண்ணம் அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. ஆனால் பாலூட்டும் தாய்க்கு மருந்து வேண்டும்; சுருங்கிய வயிற்றுக்குக் கஞ்சி வேண்டும். அவை நின்றதைக் கண்டு மகிழ்பவன் வல்லரசைத் தண்டிக்கவில்லை, வறியவரையே தண்டிக்கிறான். மேலும், செல்வந்தரின் பொருளில் கேட்போருக்கும் இல்லாதோருக்கும் குறித்த உரிமை உண்டு என்றே குர்ஆன் பேசுகிறது. உரிமை என்றான் பின், கொடுப்பவனுக்குப் பெருமையும் இல்லை, பெறுபவனுக்கு இழிவும் இல்லை. கொடாதவன் மட்டுமே கடனாளி.

தீங்கைத் தடுப்பதே முதல் உதவி

துன்பத்தைக் குறைப்பது என்பது கொடுப்பதில் மட்டும் அடங்காது. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவிடாது, அதுவாகத் தேடி உண்ணவும் விடாது சாகடித்த பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என நபியவர்கள் அறிவித்தார்கள். ஒரு பூனைக்கே இதுவெனில், சூழ அடைக்கப்பட்ட மனிதக் கூட்டத்திற்கு என்ன சொல்வது? 2024 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் காஸா மக்களுக்கு வானிலிருந்து உணவுப் பொட்டலங்களை வீசின. அதே நாட்டின் ஆயுதங்களே அம்மக்கள் மீது விழுந்துகொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக உலக வல்லுநர் குழு உறுதிப்படுத்திற்று. துன்புறுத்தலைத் தொடரவிடும் தருமத்தைவிட இன்சொல் மேலானது எனத் திருமறை கற்பிக்கிறது. ஆயுதத்தை நிறுத்தி வழியைத் திறந்துவிட்டிருந்தால் வானிலிருந்து வீச வேண்டிய தேவையே எழுந்திராது.

கண்ணாடி நம் பக்கமும் திரும்பட்டும்

இவ்வளவும் வாஷிங்டனை நோக்கிச் சொல்வது எளிது. நம் சமுதாயத்தின் செல்வ நாடுகளை நோக்கியும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் எண்ணெய் வளம் பெருகியபோது அரபு நாடுகள் தம் வருமானத்தில் மேனாடுகளைவிடப் பன்மடங்கு விகிதத்தில் ஏழை நாடுகளுக்கு வழங்கின. 1975 இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் பணி தொடங்கியது. அது பெருமைக்குரிய காலம். ஆனால் ஸூடானில் கொல்பவரும் கொல்லப்படுபவரும் முஸ்லிம்களே. 2024 ஆகஸ்டில் தார்பூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. நாம் புனிதமாகப் போற்றும் ஊற்றின் பெயரைத் தாங்கிய இடத்தில் குழந்தைகள் பசியால் மாண்டனர்! அப்போரில் ஒரு தரப்பிற்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்நாடு அதனை மறுத்துள்ளது. மறுப்பு மெய்யெனில், அதனை மெய்ப்பிக்கச் சிறந்த வழி, தன் செல்வாக்கு முழுவதையும் போரை நிறுத்துவதில் செலுத்துவதே.

நாமோ எளியவர்கள், வல்லரசுகளுக்குக் கட்டளையிட நம்மால் இயலாது எனலாம். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவன் உண்மை விசுவாசி அல்லன் என்னும் கருத்துள்ள நபிமொழி வல்லரசுகளுக்கு மட்டும் உரைக்கப்பட்டதன்று. நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு வல்லமை உண்டு. ஜக்காத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைதான், பிற்காலத்தில் ஓர் அலுவலகத்திலோ அரசிலோ அமரும்போது ஏழையின் கோப்பை மூடிவைக்க அஞ்சும்.

பசித்த குழந்தைகளுக்காக மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்ற உமர் (ரலி) அவர்களிடம், நான் சுமக்கிறேனே எனப் பணியாளர் அஸ்லம் கேட்டார். மறுமை நாளில் என் சுமையையும் நீ சுமப்பாயோ என்பதே அந்தக் கலீபாவின் மறுமொழிக் கருத்து. பாரசீகமும் ரோமும் அஞ்சிய ஒரு பேரரசின் தலைவர் அவர். வல்லமை மிகுந்தவனின் முதுகில்தான் மூட்டையும் மிகுதி என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த அச்சத்தை வலிய நாடுகளை ஆள்வோர் உள்ளங்களிலும், நம் உள்ளங்களிலும் வல்ல இறைவன் விதைத்தருள்வானாக! பசியிலும் போரிலும் வாடும் எல்லா மக்களுக்கும் அவன் விடுதலை அளிப்பானாக! ஆமீன்.