பவளத்தீவுக்குப் பர்மிட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு



ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கத்து வசதியுள்ள வீடுகளில் இப்போது விடுமுறை என்றால் ஏலகிரி, ஊட்டி என்று யாரும் பேசுவதில்லை. தீவுக்குப் போக வேண்டும். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, தண்ணீரில் குப்புற மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்க்க வேண்டும். ஸ்நார்கலிங் என்கிறார்கள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அந்தக் குழாய்க்கு ‘ட்யூபா’ என்று பெயர். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் ஸ்நார்கலிங் செய்த படங்கள் வந்த பிறகு, மாலத்தீவு, அந்தமான் என்று பேசியவர்கள்கூட லட்சத்தீவுக்கு மாறிவிட்டார்கள்.

போகட்டும், தாராளமாகப் போகட்டும். எனக்குக் கோபம் வருவது அடுத்து வரும் புகாரில்தான். “சார், சொந்த நாட்டுக்குள்ள போறதுக்கு எதுக்கு சார் பர்மிட்? இதை எடுத்துட்டா ஆளுக்கொரு ரிசார்ட் கட்டலாமே!” காலை நடையில் வாரம் ஒருவராவது இதைச் சொல்கிறார்.

வாழ்நாளெல்லாம் கோப்பு தூக்கிய குமாஸ்தா பர்மிட்டுக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். தேவையில்லாத பர்மிட்டுகள் எத்தனை என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இது அந்த ரகம் அல்ல.

லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள். மக்கள் வாழ்வது பத்தில்தான். எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 64,000 பேர். அதே கணக்கெடுப்பில் நம் ஆம்பூர் நகரத்தில் மட்டும் 1 லட்சத்து 14 ஆயிரம் பேர். அங்கே ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல், பாலின் மேல் ஏடு படிந்ததுபோல் நிற்கிறது. கிணற்றில் வருவது அந்த ஏடுதான். அதிகமாக இறைத்தால் உப்பு மேலே வரும். கக்கூஸ் தொட்டி கசிந்தால் அதே ஏட்டில் கலக்கும். தண்ணீர் போதாமல்தான் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தார்கள். அதன் திறன் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். ஆளுக்கொரு ரிசார்ட்டும், ரிசார்ட்டுக்கொரு நீச்சல்குளமும் வந்தால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

தீவுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்ற விதிகள் 1967-இல் வந்தவை. அங்குள்ள பூர்வகுடி மக்களைக் காப்பதற்காக எழுதியவை. அவர்களோடு சேர்த்து அவர்கள் கிணற்றையும் அவை காக்கின்றன என்பது என் கட்சி.

இந்தப் பேச்சைப் பாலாற்றங்கரைக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது? டேனரிகள் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டன. அதை மறுத்தால் நன்றி கெட்டவனாவேன். ஆனால் தோலுக்கும் டாலருக்கும் கணக்கு எழுதிய அத்தனை பேரில் தண்ணீருக்குக் கணக்கு எழுதியவர் எத்தனை பேர்? கடைசியில் கோர்ட்டுதான் எழுதியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பாதியாகவோ பாழானது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும், கெடும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது அந்த வழக்கால்தான். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து 28 வருடமாகியும் ஆறு மீளவில்லை. பவளம் மட்டும் மீண்டுவிடுமா?

பவளம் கல் அல்ல, உயிர். உருண்டையாக வளரும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு ஜாண் வளர இருபது வருடம் ஆகும். காலை ஊன்றி உடைக்க ஒரு நொடி போதும். கடல் சூடானால் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று ஏற்கெனவே பெரிய வெளுப்புகள். 2024-இல், நம்மவர்கள் டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருந்த அதே கோடையில், மறுபடியும் வெளுத்தது.

“கடலை நேசிக்கிறவங்கதானே சார் அங்க போறாங்க?” என்று ஒரு வாதம் உண்டு. பள்ளியில் எங்களுக்குக் கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ படம் காட்டினார்கள். 1956-இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம். கடலை அவரைவிட நேசித்தவர் யார்? அந்தப் படத்திலேயே, மீன்களைக் கணக்கெடுக்கிறோம் என்று பவளப்பாறையில் டைனமைட் வெடிப்பார்கள். நேசம் மட்டும் போதாது ஐயா. கட்டுப்பாடு வேண்டும்.

தீவுக்காரர்கள் பிழைக்க வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். பிழைக்கட்டும். அவர்கள் தூண்டிலில் சூரை பிடித்து வாழ்கிறவர்கள். சூரைக்கு இரையாகும் சிறுமீன் கிடைப்பது பவளம் சூழ்ந்த காயலில். அலையைத் தடுத்துத் தீவைக் கரையவிடாமல் நிறுத்துவதும் அதே பவளம். அதை அழித்துவிட்டு அவர்களுக்கு ரூம் பாய் வேலை கொடுப்பது பிழைப்பா?

கட்டுப்பாடு வைத்தால் சுற்றுலா செத்துவிடாது. அந்தமானில் வண்டூர் பக்கம் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளையும் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஒன்றில் ஆள் நடமாட, மற்றது ஓய்வெடுக்கும். தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. ஆனாலும் கூட்டம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே போகிறவர்கள் இப்படித் திட்டமிடுங்கள். பர்மிட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மழைக்காலத்தை விட்டு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். அதற்குமுன் இங்கேயே ஒரு நீச்சல்குளத்தில் மிதக்கப் பழகுங்கள். மிதக்கத் தெரியாதவர்தான் பயத்தில் பவளத்தின் மேல் நிற்பார். வெயிலுக்குக் கிரீம் பூசாமல் முழுக்கை நீச்சல் உடை போடுங்கள். சில கிரீம்களில் உள்ள ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2018-இலேயே சட்டம் போட்டு, 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்துவிட்டார்கள். ரூம் பிடிக்கும் முன், ஏசி இருக்கிறதா என்று கேட்பதோடு, குளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் தங்காதீர்கள்.

இந்த இரண்டு கேள்விகளையும் ஐம்பது வருடம் முன்பே நாம் இங்கே கேட்டிருந்தால், குழந்தைகளுக்குத் தெளிந்த நீரைக் காட்டக் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்காது.