காவல் நாயின் புண்ணும் கவனிக்க வேண்டியதே

நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்று விவசாயிகள் பலர் விட்டுவிடுகின்றனர். இது சரியல்ல. நக்க நக்கப் புண்ணில் ஈரம் நிற்கும். வாயிலுள்ள கிருமிகள் உள்ளே போகும். புதிதாக வளரும் தோலும் பெயர்ந்துவிடும். வயதான நாய்க்குப் புண் ஆறுவதே தாமதம். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

அதட்டுவதால் பயனில்லை; ஆள் நகர்ந்ததும் மீண்டும் நக்கும், கடிக்கும். வாய் எட்டாமல் செய்வதே வழி. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியில் தலை நுழையுமளவு வெட்டி, வெட்டிய ஓரத்தில் துணி சுற்றி, கழுத்துப்பட்டையுடன் கட்டிவிடலாம். வாளியின் விளிம்பு மூக்கைத் தாண்டி நிற்க வேண்டும். தீனி, தண்ணீர் வைக்கும்போது மட்டும் கழற்றலாம்.

அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, தினமும் இருவேளை புண்ணைக் கழுவலாம். பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை நாய்க்கு ஆபத்து. ஆழமான புண், புழு, துர்நாற்றம், ஆறாத கட்டி ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரே தேவை.

மாட்டுக்கு நோய் வந்தால் மருந்தகத்துக்கு ஓடுகிறோம். பல வருஷம் களத்தையும் ஆட்டுப் பட்டியையும் காத்த நாய்க்கு, கிழடு தட்டிவிட்டது என்று அதைச் செய்யாதிருப்பது நியாயமல்ல.