நல்லிசைக்கு எவ்வளவு செலவு?

விலை உயர உயரத் தரமும் உயரும் என்பது பலருடைய எண்ணம். துணிமணியில் அஃது ஓரளவு உண்மையாகலாம். வீட்டில் இசை கேட்கும் கருவிகளிலோ ஓர் எல்லைக்கு அப்பால் அவ்வெண்ணம் செல்லுபடியாகாது. இதனை எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்தது, நம் மாணவர் ஒருவரால்.

வத்தேகமவில் வாழும் அம்மாணவரின் பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டில் தேவாரம் பாடியதை முன்பு ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தனர். மாணவர் அதனைக் கணினியில் ஏற்றிப் பழைய ஒலிபெருக்கியில் பாட்டியாருக்குப் போட்டுக் காட்டினார். பாட்டின் அடியில் ஓயாத இரைச்சல்! கணினியின் சுட்டியை அசைக்குந்தோறும் கிறீச்சென்ற ஒலி வேறு. “அவர் குரலே தெரியவில்லையே, தம்பி” என்று பாட்டியார் முகம் வாடினாராம். கண்டியில் ஒரு கடையில் விசாரித்தபோது பெரியதொரு கருவியைக் காட்டினார்கள். அதன் விலை தந்தையாரின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கிற்று. “வாங்கலாமா, ஐயா?” என்று நம்மிடம் வந்தார்.

“வாங்குமுன் மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாரும்” என்றோம். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கிறீச்சொலி மட்டும் நின்றபாடில்லை. காசு செலவில்லாத இச்சோதனையை எவரும் முதலில் செய்து பார்க்கலாம்.

இதன் காரணம் யாது? கணினியில் பாட்டு எண்களாகவே இருக்கின்றது. 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தட்டின் முறைப்படி ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளுள் ஒன்றைக் குறிக்கும். இவ்வெண்களை மின்னலையாக மாற்றுவது ஒரு சிறு சில்லு. கணினியின் உள்ளே அது பல மின்சுற்றுகளுக்கு நடுவே இருப்பதால் அவற்றின் குழப்பமும் பாட்டோடு கலந்துவிடுகிறது. யூ.எஸ்.பி. துளை வழியாக எண்களை வெளியே கொணர்ந்து அங்கே மாற்றினால் இக்கலப்பு பெரும்பாலும் ஒழியும். ‘டாக்’ எனக் கடைக்காரர் கூறும் கருவியின் வேலை இவ்வளவே.

இவ்வேலையை இன்று மலிவான சில்லும் செவ்வனே செய்கிறது. ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்பனைக்குக் கொணர்ந்த விரலளவுச் சிறு வடத்தினுள்ளேயே முழு மாற்றியும் அடங்கியிருக்கிறது. ஆனால், சில கையடக்கத் தொலைபேசிகளில் அதன் ஒலி தாழ்ந்தே கேட்கும். வேறு சில மலிவு வடங்களில் சில்லே இராது, வெறுங்கம்பிதான். ஆதலால் “உள்ளே டாக் உண்டா?” என்று கேட்டு, கூடுமானால் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குதல் நன்று.

“எண்கள் மிகுந்தால் இசையும் இனிக்குமன்றோ?” என்பார் உளர். மனிதச் செவி விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதனைப் பதிய அதன் இருமடங்கிற்குச் சற்று மேற்பட்ட எண்கள் போதும். 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதனையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தனர். 554 முறை கேட்டவர்கள் 276 முறையே சரியாகக் கூறினர். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாகியிருக்கும்!

கையிற் பணம் மிஞ்சினால் அதை ஸ்பீக்கருக்குச் செலவிடுக. ஒரு ஸ்பீக்கருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் கேட்டறியலாம்.

மாணவர் சிறிய வடமொன்றையே வாங்கினார். ஞாயிறன்று அவர் இல்லம் சென்றோம். கிறீச்சொலி இல்லை. மெல்லிய ‘உஸ்’ ஒலி மட்டும் எஞ்சியிருந்தது. அது நாடாவோடு பிறந்தது. எத்துணை விலையுயர்ந்த மாற்றியும் அதனை நீக்காது. பாட்டியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிகத்தின் நடுவே பாட்டனார் ஒருமுறை இருமினார். “அன்றைக்கு அவருக்குத் தடிமன். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை, பாடினார்” என்றார் பாட்டியார்.

அந்த இருமல் முன்பு எவர் காதிலும் விழவில்லை. அதனைக் கேட்க ஒரு மாதச் சம்பளம் தேவைப்படவுமில்லை.