மனசு இருந்தா போதுமாம்!

பாதியில் திரும்பி வந்தவனைப் பார்த்து "உனக்கு மனசு பத்தலடா" என்று சொல்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சைக்கிள் உலகத்தில் இவர்கள் தொல்லை தாங்கவில்லை. அதிலும் துணி, தண்ணீர், படுக்கை, ஸ்பேனர் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, தார் ரோட்டை விட்டு இறங்கி நாள்கணக்கில் மண்பாதையில் போகிற பைக்பேக்கிங் சவால்களில் இந்த வியாதி முற்றிப்போய்க் கிடக்கிறது.

விஷயம் இதுதான். போன மே மாதம் என் வகுப்புத் தோழன் ஒருவன் இப்படி ஒரு சவாலுக்குப் போனான். சிங்கப்பெருமாள் கோவிலில் புறப்பட்டு, ஏரிக்கரைகள், பாலாற்று மணல், உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கத்து மண்பாதைகள் என்று சுற்றிக்கொண்டு இரண்டு நாளில் 300 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் ஐந்து பஞ்சர். எல்லாம் சீமைக்கருவேல முள். (நம்ம ஊர் ஏரிக்கரையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அந்த முள்ளின் நீளம் தெரியும்.) கையிலிருந்த ட்யூப், பேட்ச், சொல்யூஷன் எல்லாம் காலி. மத்தியானம் இரண்டு மணி வெயில், தண்ணீரும் தீர்ந்து, இரண்டு தடவை வாந்தி. ஒரு குட்டியானையைப் பிடித்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். என்னைக் கேட்டால், அன்று அந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட உருப்படியான முடிவு அது ஒன்றுதான்.

அன்று ராத்திரியே குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வலி கொஞ்ச நாளில் போய்விடும், விலகியது மட்டும் காலத்துக்கும் கூட வரும் என்கிற மாதிரி ஒரு வசனம். அவன் பெயர் இல்லை. ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். நாலைந்து கைதட்டல் வேறு. அவன் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு மூன்று மாதம் தொடவே இல்லை.

அந்த வசனத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டு, 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆமாம் என்று ஒப்புக்கொண்ட அதே ஆர்ம்ஸ்ட்ராங். விலகாமல் ஓட்ட அவருக்கு மனசு மட்டும் போதவில்லை என்பதைப் படம் அனுப்பியவர் கவனித்திருக்கலாம் :-)

சரி, மனசு என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? தனியாகப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறதா? வெயிலில் கொதிக்கிற அதே உடம்புக்குள்தானே! உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் முதலில் குழம்புவதே புத்திதான். ஒரு நாள் முழுக்கத் தூங்காதவன் நிலைமை, நம் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு மேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் நிலைமைதான் என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. அந்த மூளையிடம் போய் "தொடரலாமா, நிறுத்தலாமா" என்று கேட்டுவிட்டு, அது சொல்கிற பதிலுக்கு மன உறுதி என்று பெயர் வைக்கிறோம். அப்புறம் ராத்திரி ஒரகடத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும் ரோட்டில் அவனை ஓட்டவும் விடுகிறோம். இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான மைக் ஹால், 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே, விடிவதற்கு முன்னால் நெடுஞ்சாலையில் கார் மோதி இறந்தார். டூர் டிவைடில் சாதனை படைத்தவர். அவருக்கா மனசு இல்லை?

நான் காமர்ஸ் படிக்கிறவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கணக்குப் பதிவியலில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று உண்டு. கடனாளிகளில் சிலர் பணம் தரமாட்டார்கள் என்று வியாபாரிக்கு முன்பே தெரியும். யார் என்று மட்டும் தெரியாது. அதனால் வருடக் கடைசியிலேயே ஒரு தொகையை நஷ்டத்துக்கென்று ஒதுக்கி வைக்கிறான். பணம் வராதபோது "என் நம்பிக்கை பத்தவில்லை" என்று அழுவதில்லை. பஞ்சர், வயிற்றுக்கோளாறு, களிமண், வெயில் எல்லாம் அந்த ஐயக்கடன்தான். எத்தனை ட்யூப், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணி நேரம் சும்மா போகும், எந்தெந்த இடத்தில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம் என்று வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒதுக்க வேண்டும். ஒதுக்கியது தீர்ந்தால் வண்டி நிற்கும். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டேனே, எப்படி விடறது?" என்பது மூழ்கிய செலவு. அது திரும்ப வராது, அடுத்த முடிவில் அதற்கு வேலையும் இல்லை. முதல் வருடப் பாடம் இது.

"அப்போ ஒரு பஞ்சருக்கே திரும்பி வந்துடலாமா?" என்று கேட்பார்கள். நான் அதையா சொன்னேன்? ஒதுக்கி வைத்தவன்தான் ஐந்தாவது பஞ்சரையும் அலட்டிக்கொள்ளாமல் ஒட்டுவான். ஒன்றும் ஒதுக்காமல் மனசை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன் முதல் பஞ்சரிலேயே கலங்கிப் போவான்.

லேல் வில்காக்ஸ் கதையைப் பாருங்கள். 2015-ல் அலாஸ்காவிலிருந்து கனடாவின் பான்ஃப் வரை, டூர் டிவைட் போட்டி ஆரம்பிக்கிற இடத்துக்கே, சைக்கிளில் வந்தவர். கனடாவிலிருந்து மெக்சிகோ எல்லை வரை மலை மண்பாதையில் 4,300 கிலோமீட்டருக்கு மேல் போகிற போட்டி அது. நடுவில் மூச்சுக்குழாய்த் தொற்று வந்து மூச்சு விட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாரா? நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து வாங்கிக்கொண்டு வந்து 17 நாளில் முடித்தார், அதுவே பெண்களுக்கான சாதனை. திருப்தியில்லை என்று அதே வருடம் தனியாக மறுபடி ஓட்டி 15 நாள் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி எழுதாமல் சாதனையை மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்கு.

நம் நாட்டிலேயே லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் இருக்கிறார். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் போட்டியை 2016-ல் அவரால் முடிக்க முடியவில்லை. 2017-ல் 12 நாள் கெடுவுக்குள் தனி ஆளாக முடித்த முதல் இந்தியர் ஆனார். 2016-ல் நின்றவரிடம் "காலத்துக்கும் கூட வரும்" என்று படம் அனுப்பியிருந்தால்? 2019-ல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போன இந்தியர்களில் பெரும்பாலோர் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கவில்லை. எதிர்க்காற்றும் ராத்திரிக் குளிரும் வாட்டி எடுத்துவிட்டன. அத்தனை பேரும் அதற்கு முன்பு 600 கிலோமீட்டர் வரை ஓட்டித் தகுதி பெற்றவர்கள். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒன்றாக மனசு காணாமல் போகுமா?

இன்னொன்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. நம் ஊருக்குப் பக்கத்தில் திருக்கச்சூர் இருக்கிறது. சுந்தரர் அங்கே நடந்து வந்து, பசி தாங்காமல் கோவில் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். சிவனே வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்து சோறு போட்டார் என்பது தலபுராணம். பக்தியில் சுந்தரரை மிஞ்ச ஆளில்லை, அவரே பசித்தால் உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு ஊர் நட, எல்லாம் மனசுதான்" என்று சிவன் அசரீரி விடவில்லை!

மனசைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் வால்வைப் பற்றிப் பேசலாம். என் தோழன் சைக்கிளில் இருந்தது பிரெஸ்டா வால்வு. வழியில் இருந்த பஞ்சர் கடைப் பெரியவர் பக்கெட் தண்ணீரில் ட்யூபை அமுக்கி ஓட்டையை நொடியில் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அவர் பம்ப் அதில் பொருந்தவில்லை. பத்து கிராம்கூட வராத ஒரு பித்தளை அடாப்டர் இருந்தால் பொருந்தியிருக்கும். குழு கொடுத்த சாமான் பட்டியலில் அது இல்லை. சீலன்ட் இல்லை. மண்பாதையில் எந்த ஊருக்கு அப்புறம் தண்ணீர் கிடைக்காது என்ற தகவலும் இல்லை. ஊக்க வாசகங்கள் மட்டும் பக்கத்துக்கு ரெண்டு இருந்தன.

முடித்தவர்கள் பெயரைப் பதக்கத்தோடு வெளியிடுகிறீர்கள், சந்தோஷம். விலகியவர்கள் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் நின்றார்கள் என்பதையும் பெயர் போடாமல் வெளியிடுங்கள். முள் எங்கே அதிகம், எந்தக் கைப்பம்பில் தண்ணீர் வரவில்லை என்று அடுத்து வருகிறவனுக்குத் தெரியட்டும். இதைத்தான் கேட்டு எழுதினோம். பதில் இல்லை. இந்த வருட அறிவிப்பு மட்டும் வந்திருக்கிறது. அதே பாதை, அதே மே மாதம்.