ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்

நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கவலை வேண்டாம்.

"சார், விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்." இதைச் சொல்ல ஒரு படிப்பும் தேவையில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் ஃபார்மட். திரை நீலமாகி நின்றால் ஃபார்மட். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் ஃபார்மட். காய்ச்சலா, கால் சுளுக்கா என்று பார்க்காமல் வந்தவருக்கெல்லாம் ஒரே ஊசி போடுகிற வைத்தியம் இது.

என் தங்கை மகளின் லேப்டாப்புக்கும் போன மாதம் இந்த ஊசிதான் போட்டார்கள். இரண்டு வருடம் முன்பு காலமான என் மைத்துனரின் படங்களும், அவர் பேசிப் பதிந்த சில ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை. கடைக்காரர் கேட்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து நாலாம் நாள் அதே நீலத்திரை மறுபடி வந்தது. காரணம் டிஸ்ப்ளே டிரைவர். பழையபடி அதே அப்டேட்டைப் போட்டதும் பழையபடி அதே கோளாறு. நம் பழைய மாணவர் ஒருவர் வந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த டிரைவரை நீக்கி முந்தையதைப் போட்டார். கால் மணி நேரம். மெஷின் இன்றுவரை ஓடுகிறது. மைத்துனரின் குரல் மட்டும் போனது போனதுதான்.

சேஃப் மோடு என்பது ரகசிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டில் மெயின் சுவிட்ச் அடிக்கடி டிரிப் ஆகிறது என்றால் நல்ல எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். கிரைண்டர் போட்டதும் டிரிப் ஆனால் கோளாறு கிரைண்டர் பக்கம். வீட்டின் வயரிங் முழுவதையும் பிடுங்கிப் போட மாட்டார். சேஃப் மோடும் அப்படித்தான். கீபோர்டு, மவுஸ், டிஸ்க், சாதாரணத் திரை என்று அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழுந்து நிற்கும். தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள், நாம் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் எதுவும் வராது.

அந்த நிலையில் மெஷின் ஒழுங்காக ஓடினால், பிரச்சினை பெரும்பாலும் பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. அங்கேயும் தடுமாறினால் விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளையோ, மெமரியையோ, டிஸ்க்கையோ சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்தான் சாகக் கிடக்கிறது என்றால் ஃபார்மட் அதற்கும் மருந்து இல்லை. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் ஃபார்மட் முதல் வேலையாக இருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பரிசோதனைக் கூடத்தில் உங்களுக்குச் சொன்னதுதானே? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை.

கடைக்காரரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆன் செய்ததும் எஃப்8 விசையைத் தட்டினால் போதும், பட்டியல் வந்துவிடும். 2012இல் வந்த விண்டோஸ் 8 அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மெஷின் இப்போது அவ்வளவு வேகமாக எழுகிறது, விசையை அழுத்த நேரமே கிடைக்காது என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். சரி, ஒப்புக்கொள்கிறேன். வாசலை இடம் மாற்றியவர்கள் புது வாசல் எங்கே என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், அதன்பின் எண் 4. திருப்பதி க்யூவில் இதைவிடக் குறைவான கம்பிகள்தான் இருக்கும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அந்தக் கம்பெனி சொன்ன வழி என்ன? சேஃப் மோடில் திற, இன்ன ஃபோல்டருக்குப் போ, இன்ன பெயரில் தொடங்கும் ஒரு கோப்பை நீக்கு, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய். விமானக் கம்பெனிக்கு அது போதும். நம் தெருக் கடைக்கு மட்டும் முழு டிஸ்க்கையும் வழித்தெடுக்க வேண்டியிருக்கிறது!

"கண்டுபிடிக்க உட்கார்ந்தால் அரை நாள் போகும், அதற்கு யார் சார் காசு தருவாங்க?" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே கேட்டார். அதில் நியாயம் உண்டு. கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி என்றால் முகம் சுளிக்கிறோம், ஃபார்மட்டுக்கு என்றால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் விற்பார். ஆகவே இனி கடைக்குப் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சேஃப் மோடில் பார்த்துச் சொல்லுங்க, அதற்கான கூலி தர்றேன். என்னைக் கேட்காமல் ஃபார்மட் வேண்டாம்." முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அதிலேயே கடையின் தரம் தெரியும்.

போனிலும் இது உண்டு. கண்டபடி விளம்பரம் குதிக்கிறது என்று புலம்பும் சித்தப்பாக்கள் கவனிக்கவும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் ஆஃப் என்ற பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். நீங்கள் இறக்கிய ஆப்கள் எல்லாம் அதில் தூங்கும். விளம்பரம் நின்றுவிட்டால் குற்றவாளி அவற்றில் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு அவசர வேலை. புது லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்திருக்கிறது. சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் நீங்களே கேட்டாலும் உள்ளே விடாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். சார்ஜரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.