சேம்பரைப் பெருசாக்குறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க

எங்க பக்கத்துப் பசங்ககிட்ட இப்போ புதுசா ஒரு பேச்சு ஓடுது. காரோட ஆயில் சம்ப்பைக் கழட்டிட்டு, உள்ள தடுப்புத் தகடு வச்ச பெரிய சம்ப் மாட்டணுமாம். அப்பதான் வளைவுல வேகமா திருப்பினாலும் இன்ஜினுக்கு ஆயில் பட்டினி வராதாம். ரேஸ் வீடியோ பார்த்துட்டு வர்ற ஆசை. விஷயம் பொய்யில்லை, ஆனா செஞ்சி ரோட்டுல ஓடுற காருக்கு அது தேவையில்லைங்கறது என் கருத்து. நம்ம வண்டிக்கு ஆயில் பட்டினி வர்ற வழியே வேற.

முதல்ல ஆயில் பட்டினின்னா என்னன்னு சொல்லிடறேன். இன்ஜினுக்கு அடியில இருக்கிற தொட்டிதான் சம்ப். மெக்கானிக் பாஷையில சேம்பர். சின்ன காருக்கு சுமார் மூணு லிட்டர் ஆயில் அதுல கிடக்கும். அதுக்குள்ள ஒரு குழாய் இறங்கி, நுனியில சல்லடை இருக்கும். பம்பு அது வழியா உறிஞ்சி கிராங்க், கேம் எல்லாத்துக்கும் அனுப்புது. கிராங்க் பேரிங்கும் கிராங்க்கும் நேரா உரசிக்கறதில்லை, நடுவுல தலைமுடியைவிட மெல்லிசான ஆயில் படலம் ஒண்ணு தாங்குது. குழாய் நுனி ஆயிலை விட்டு வெளிய வந்தா பம்பு காத்தை உறிஞ்சும். எங்க கிணத்துல தண்ணி இறங்கி ஃபுட்வால்வு வெளிய தெரிஞ்சா மோட்டார் வெறும் காத்தை இழுக்குமே, அதே கதைதான். மோட்டாராவது நின்னு போகும். இங்க படலம் அறுந்து பேரிங் சுட்டு, கிராங்க்கைப் புடிச்சுக்கும். இன்ஜின் சீஸ்.

வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஏறும். வண்டி எடைக்குச் சமமான விசை பக்கவாட்டுல இழுத்தா, தொட்டிக்குள்ள ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும். பாதி விசைன்னா 27 டிகிரி. ரேஸ் டிராக்ல நல்ல டயர் போட்ட கார் இதையெல்லாம் தாண்டி, நீண்ட வளைவு முழுக்க அப்படியே நிக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருக்கிற 3.7 கிலோமீட்டர் டிராக்ல ஓட்டுறவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதுக்குத்தான் சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு, குழாய்ப் பக்கம் மட்டும் திறக்கிற குட்டிக் கதவு எல்லாம் வைக்கிறாங்க. இன்னும் மேல போனா டிரை சம்ப். அடியில ஆயிலே தங்காது, ஒரு பம்பு அதைச் சுரண்டித் தனி டேங்குக்கு ஏத்தும், இன்னொரு பம்பு அங்கிருந்து இன்ஜினுக்குத் தரும்.

டிரை சம்ப்புன்னா ஏதோ வெளிநாட்டு ரேஸ் கார் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1955லேருந்து சென்னையில செஞ்ச பழைய புல்லட் அந்த முறைதான். ஆயில் டேங்க் கிராங்க்கேஸோட சேர்ந்தே இருக்கும், கொடுக்க ஒரு பம்பு, திருப்பி எடுக்க ஒரு பம்பு. பல மாசம் நிறுத்தி வச்சுட்டு உதைச்சா குபுகுபுன்னு புகை விடுமே, டேங்க் ஆயில் மெல்லக் கசிஞ்சு கீழ இறங்கிட்டதாலதான். நம்ம ஊரு பெரியவங்க டிரை சம்ப் வண்டியில உர மூட்டை ஏத்தியிருக்காங்க!

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். திண்டிவனத்துலேருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலை போற கார், வளைவுல ரேஸ் கார் மாதிரி சாயப் போறதில்லை. ஒழுங்கா ஓட்டுற வரைக்கும் கம்பெனி போட்ட சம்ப்பே தாராளம். அப்புறம் ஏன் மெக்கானிக் ஷெட்டுல சீஸ் ஆன இன்ஜின் கிடக்குது? நான் பார்த்த வரைக்கும் மூணு காரணம்.

ஒண்ணு, அளவு குறைவு. ஆயில் மாத்துற தேதி தாண்டி ஓட்டுறது, இடையில தொட்டுக்கூடப் பார்க்காதது. பல காருக்கு டிப் ஸ்டிக்ல கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். மூணு லிட்டர்ல ஒண்ணு போயாச்சுன்னா சின்ன வளைவு, திடீர் பிரேக்குக்கே குழாய் வெளிய தெரியும். ரெண்டு, பழைய ஆயில் கருத்துக் களிம்பாகி சல்லடையை அடைக்கிறது. தொட்டி நிறைய ஆயில் இருக்கும், பம்புக்கு மட்டும் கிடைக்காது. மூணாவது, எங்க ஊருப் பக்கத்து வியாதி: சேம்பர் அடிபடறது.

இந்த மூணாவதுதான் என்னை எழுத வச்சது. வேகத்தடைக்கு அரசாங்க அளவு ஒண்ணு இருக்கு. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். எங்க கிராமத்து ரோட்டுல இருக்கிறது அப்படியா? ஒரு விபத்து நடந்த மறுநாள் ராத்திரியோட ராத்திரியா ஜல்லியும் சிமெண்டும் கொட்டி, முழங்கால் மாதிரி துருத்திக்கிட்டு ஒண்ணு. வெள்ளைக் கோடும் கிடையாது. கொட்டினவங்க கோபம் நியாயம், குழந்தைங்க அந்த ரோட்டைத்தான் தாண்டுது. ஆனா அஞ்சு பேரும் மூட்டையும் ஏத்தின கார் அதுல வயித்தைத் தேய்க்காம போக முடியாது.

பக்கத்து ஊர்ல வாடகை கார் ஓட்டுற தம்பி ஒருத்தர். ராத்திரி பிரசவ வலி வந்த பொண்ணை ஏத்திக்கிட்டுப் போறப்ப இப்படி ஒரு மேட்டுல சேம்பர் அடிபட்டு விரிசல் விட்டுருச்சு. சிவப்பு விளக்கு எரிஞ்சது அவருக்கும் தெரிஞ்சது. நிறுத்த முடியுமா? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிட்டார். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. இன்ஜின் போச்சு. சேம்பருக்கு மட்டும் காசு தரோம், இன்ஜின் போனது நீங்க தொடர்ந்து ஓட்டினதாலன்னு இன்சூரன்ஸ்ல சொல்லிட்டாங்க. சாதாரண பாலிசியில தொடர் சேதத்துக்குக் காசு கிடையாது, இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா ஒரு ஆட்-ஆன் எடுத்திருக்கணும். கார் தவணை இன்னும் ஓடுது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. அந்தக் காருக்கு அடியில ஒரு இரும்புத் தகடு இருந்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும்.

பெரிய சம்ப் மாட்டணும்னு சொல்ற தம்பிங்களுக்கு என் கேள்வி இங்கதான். கூட ஆயில் பிடிக்க சம்ப்பை ஆழமாக்கினா அது இன்னும் கீழ தொங்கும். இருக்கிற சம்ப்பே மேட்டுல இடிக்குது, தொங்குறது என்ன ஆகும்? பழைய சம்ப்புலயே கூட ஆயில் ஊத்திட்டா போதும்னு சிலர் சொல்றாங்க. அதுவும் வேண்டாம். கிராங்க் ஆயில்ல அடிச்சுக் கலக்கி நுரை கட்டும். நுரையை உறிஞ்சினாலும் பட்டினிதான்.

டிராக்டரைப் பாருங்க. பெரும்பாலான டிராக்டருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு நிக்கும். பல மாடல்ல வார்ப்பிரும்பு சம்ப்பே பாரம் தாங்கற எலும்பு. வரப்புல இடிச்சாலும் அசராது. அப்படியிருந்தும் எங்க டிரைவர்ங்க காலையில சாவி போடறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை இழுத்து, துணியில துடைச்சு, மறுபடி விட்டுப் பார்ப்பாங்க. வாய்க்கா ஓரம் வைக்கிற சின்ன இன்ஜின் இன்னும் நாசூக்கு. அதுல பலதுக்குப் பம்பே கிடையாது, கனெக்டிங் ராடு அடியில கரண்டி மாதிரி ஒண்ணு ஆயிலை வாரி இறைக்கும். சாய்வா வச்சா கரண்டிக்கு ஆயில் எட்டாது. அதனால மண்ணைச் சமப்படுத்தி மட்டமா வச்ச பிறகுதான் கயித்தை இழுப்பாங்க. மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சுறவங்களுக்குத் தெரிஞ்ச இந்த விஷயம், பத்து லட்சம் போட்டுக் கார் வாங்குறவங்களுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. மராட்டியர் கோட்டை வரிசையில இருக்கிற பன்னிரண்டுல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். உங்க கார் இனிமே எங்க பக்கம் அதிகம் வரும், வரணும். வர்றதுக்கு முன்னாடி நான் கேட்கிறது இவ்வளவுதான். மட்டமான இடத்துல வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறின பிறகு ஆயில் பாருங்க. கிராமத்து ரோடு அதிகம் ஓட்டுறவங்கன்னா சம்ப்புக்கு ஒரு இரும்பு கார்டு போடுங்க, பெரிய சம்ப்பைவிட செலவும் குறைவு, பலனும் அதிகம். ஆயில் மாத்த அதுல ஓட்டை இருக்கான்னு பார்த்துக்கங்க. அடியில 'டொம்'முனு சத்தம் கேட்டா ஓரம் கட்டிக் குனிஞ்சு பாருங்க. சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டுற விளக்கு இல்லை, அழுத்தம் போயிடுச்சுன்னு சொல்ற விளக்கு. உயிர் போற அவசரம் இல்லாட்டி, அது எரிஞ்ச இடத்துலயே இன்ஜினை நிறுத்திடுங்க.

எங்க பக்கத்து வேலையும் ஒண்ணு இருக்கு. பேரூராட்சியும் ஊராட்சிகளும் இந்த முழங்கால் மேடுகளை உடைச்சுட்டு, அளவுப்படி கட்டி வெள்ளை அடிக்கணும். குழந்தைங்களும் பிழைக்கணும், வாடகை கார் தம்பியும் பிழைக்கணும். அடுத்த கிராமசபையில இதை நான் மனுவா கொடுக்கப் போறேன். உங்க சொந்த ஊர்லயும் ஒருத்தர் கொடுத்தா நல்லது.