ஒரு ராஜாவும் அந்த ராஜாவும்



இங்கிலீஷ் சந்தேகங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லத் தொடங்கியதிலிருந்து தபால் பை கனத்துவிட்டது. கூடவே கண்டனமும் வருகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "தமிழ்ப் பத்திரிகைக்கு இந்த வேலை எதற்கு? அதற்குத்தான் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறதே" என்று கேட்டிருக்கிறார்.

ஐயாவின் கோபம் புரிகிறது. ஆனால் நம் பக்கத்துக்காரர் அ. மாதவையாவை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1872-ல் பெருங்குளத்தில் பிறந்தவர். தமிழில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதினார். இங்கிலீஷில் 'தில்லை கோவிந்தன்' எழுதினார். பாளையங்கோட்டைக் கதையான 'கிளாரிந்தா'வையும் இங்கிலீஷிலேயே 1915-ல் எழுதினார். அப்படிப்பட்டவர் 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்து உட்கார்ந்தார். அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது. இங்கிலீஷ் தெரிந்ததால் அவருடைய தமிழ் குறைந்துபோகவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வருகிற சந்தேகங்களைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலானவை இங்கிலீஷ் சந்தேகம் என்ற பெயரில் வரும் தமிழ் இலக்கணச் சந்தேகங்கள். நம் வீடுகளில் அட்டை கிழிந்து கிடக்கும் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் விதி இருக்கும். நமக்கு மட்டும் ஏன் அந்த இடத்தில் இடறுகிறது என்பது இருக்காது. (அந்த ரென்தான் 'போ ஜெஸ்ட்' என்ற பட்டாள சாகச நாவலை எழுதியவர் என்பது தெரியுமா? இலக்கணப் புத்தகத்தில் அந்தச் சுவாரசியம் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.) இடறுவது தமிழ்க் கால் என்பதால் அதைத் தமிழில் பேசுவதே சரி.

அதிகம் வரும் கேள்வி 'எ', 'ஆன்', 'தி'. கணக்கில் நூறு வாங்கும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுகிறார்கள். தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லை என்று சொல்லிக் கொடுப்பதால் வந்த பயம் இது. நேரான சொல் இல்லாமல் இருக்கலாம், வழக்கம் இருக்கிறது. ஆச்சி கதை சொல்வதைக் கேளுங்கள்: "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு." முதல் தடவை வரும்போது 'ஒரு' ராஜா, கேட்பவருக்கு ஆள் தெரிந்த பிறகு 'அந்த' ராஜா. 'எ' என்பதும் 'தி' என்பதும் இவ்வளவுதான். அடுத்த வரியில் ஆச்சி மறுபடியும் "ஒரு ராஜா" என்றால் பேத்தி கேட்பாள்: "இது வேற ராஜாவா ஆச்சி?"

'எ'யா 'ஆன்'னா என்பது இன்னும் சுலபம். நன்றாக எழுதுகிறவர்கள் 'ஓர் ஊர்' என்பார்கள், 'ஒரு மரம்' என்பார்கள். அடுத்து உயிரெழுத்து வந்தால் 'ஓர்'. அதே கதைதான் இங்கேயும். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிர் என்றால் 'ஆன்', உயிர்மெய் என்றால் 'எ'. எம்.எல்.ஏ. என்று எழுதினால் முதலில் 'எ' வருகிறது, ஆகவே ஆன் எம்.எல்.ஏ. யுனிவர்சிட்டிக்கு முதலில் 'யு', ஆகவே எ யுனிவர்சிட்டி. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை எழுதும்போது 'எச்' போடுகிறார்கள். வாயில் வருவதோ 'அவர்'. ஆகவே ஆன் அவர்.

இந்த உத்தி மூன்று இடத்தில் காலை வாரும். நம்மில் பலர் எம்.எல்.ஏ.வை 'யெம்மெல்லே' என்கிறோம், எல்.ஐ.சி.யை 'யெல்லைசி' என்கிறோம். அந்த 'யெ' நாம் சேர்த்தது, கணக்கில் வராது. அடுத்தது 'ஒன்-வே'. தமிழில் 'ஒன்' என்று எழுதினாலும் ஒலி 'வன்'தான். அதனால் எ வன்-வே ரோடு. மூன்றாவது ஓட்டல், ஆஸ்பத்திரி. நம் வாயில் இரண்டும் உயிரில் தொடங்குகின்றன. இங்கிலீஷில் 'ஹ' இருக்கிறது, ஆகவே எ ஹோட்டல், எ ஹாஸ்பிடல். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் 'ஆன் ஹோட்டல்' என்றே அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பலரும் நம்மைப் போல 'ஓட்டல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

'தி' எங்கே வரும் என்பதற்கு நம் ஆறே போதும். தி தாமிரபரணி ரைசஸ் இன் தி வெஸ்டர்ன் காட்ஸ், ஃப்ளோஸ் பிட்வீன் திருநெல்வேலி அண்ட் பாளையங்கோட்டை, அண்ட் ஜாயின்ஸ் தி கல்ஃப் ஆஃப் மன்னார் அட் புன்னக்காயல். ஆறு, மலைத்தொடர், வளைகுடா எல்லாம் 'தி' வாங்கின, ஊர்கள் வாங்கவில்லை. தனிச் சிகரமும் வாங்காது. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் பாதிப் பயம் போய்விடும்.

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு ரகம். அவர் உறவினர் மத்தியச் சிறையில் யாரையோ பார்த்துவரப் போயிருந்தார். லீவு லெட்டரில் 'ஐ வென்ட் டு ஜெயில்' என்று எழுதினாராம், ஆபீஸே சிரித்ததாம். ஏன்? 'தி' இல்லாமல் ஜெயிலுக்குப் போனால் தண்டனை அனுபவிக்கப் போனதாக அர்த்தம். 'தி ஜெயில்' என்றால் அந்தக் கட்டடத்துக்கு, வேறு வேலையாகப் போனதாக அர்த்தம். ஸ்கூலும் சர்ச்சும் அப்படியே. பிள்ளை போவது 'ஸ்கூல்', ஃபீஸ் கட்ட அப்பா போவது 'தி ஸ்கூல்'. சின்னச் சொல்தான், ஆனால் ஓர் ஆளை உள்ளே வைப்பதும் வெளியே விடுவதும் அதன் கையில் இருக்கிறது.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஏன் தப்பு என்று கேட்டு வந்த கடிதங்களுக்குச் சேர்த்து ஒரு பதில். 'ஹேவ்' என்பதற்கு நேரான வினை தமிழில் இல்லை. "எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க" என்கிறோம். 'கு' உருபும் 'இரு'வும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. அதே 'இரு'தான் "படிச்சிட்டு இருக்கேன்" என்பதிலும் வருகிறது. 'இருக்கு' என்று காதில் விழுந்தால் கை தானாக 'இங்' போட்டுவிடுகிறது என்பது என் கணிப்பு. உடைமை, உறவு, அறிவு, நம்பிக்கை இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும் காரியங்கள் அல்ல. இவற்றுக்கு 'இங்' வேண்டாம். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதான், ஏனென்றால் அங்கே 'ஹேவிங்' சாப்பிடுவது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. தலைமையாசிரியருக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதும்போது 'யூ' என்று போடக் கூசுகிறதாம். "எங்க ஹெச்.எம்.மை 'நீ' என்று எழுதுவது போல இருக்கிறது சார்." அம்மா, கவலைப்படாதே. இங்கிலீஷில் முன்பு இரண்டு சொற்கள் இருந்தன. 'தௌ' என்பது நம் 'நீ'. 'யூ' என்பது பன்மைக்கும் மரியாதைக்கும். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. மிச்சம் இருப்பது 'நீங்க'. ஆகவே வெள்ளைக்காரர் தன் வீட்டு நாய்க்குட்டியைக்கூட 'நீங்க' போட்டுத்தான் கூப்பிடுகிறார். உன் ஹெச்.எம்.முக்குத் தாராளமாக 'யூ' போடலாம்.

இதன் மறுபக்கம் 'மை ஃபாதர் ஆர் கமிங்'. "அப்பா வந்தாங்க" என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுதியது. மரியாதைக்குப் பன்மை போடுவது நம் வழக்கம். அங்கே ஒற்றை ஆளுக்கு 'ஹி இஸ்' மட்டும்தான், கலெக்டராக இருந்தாலும். 'நாம்', 'நாங்கள்' என்று நாம் பிரிப்பதும் அங்கே இல்லை, இரண்டுக்கும் ஒரே 'வி'. "வி ஆர் கோயிங் டு குற்றாலம்" என்று யாராவது சொன்னால், நம்மையும் கூட்டிப் போகிறார்களா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நம் சொற்கள் மட்டும் மெல்ல அங்கேயும் நுழைகின்றன. ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 2016-ல் 'ஐயோ' ஏறியது, 2017-ல் 'அண்ணா' ஏறினார். நம் அண்ணாச்சிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

'டூ தி நீட்ஃபுல்' தப்பா என்று கேட்பவர்களுக்கு: தப்பில்லை, பழசு. வெள்ளைக்காரர் கச்சேரியில் விட்டுப்போனதை நம் ஆபீஸ் பத்திரமாக வைத்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதை நேராக எழுதிவிட்டால் ஃபைல் ஒருவேளை கொஞ்சம் வேகமாக நகரலாம். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்'டை வெட்டிவிடுங்கள். இன்டர்வியூவில் 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்காமல் 'ஐ ஆம்' என்று பெயரைச் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்து ஐயா தம் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அந்த நாளில் ஆரம்ப வகுப்புகளில் 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக் கத்த வைத்தார்களே, அதில் விளக்கமே இல்லையே? அதற்குப் பின்னால் ஒரு பெரிய திட்டம் இருந்தது. 1959-ல் சென்னை மாநிலத்தில், இங்கிலீஷ் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் சிலருக்கு, அவர்கள் வழியே மற்றவர்களுக்கு என்று உருண்டு பெருகும் ஏற்பாடு. அதனால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பழக்குவது அதன் வழி. வாய்ப் பழக்கத்துக்கு நல்ல முறைதான். 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் அதில் இடம் குறைவு. வெயிலுக்குப் பெயர்போன நெல்லையில் பனிப்பந்து எவ்வளவு தூரம் உருண்டிருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது.

கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு காலத்தில் இதே மண்ணில் சந்தேகம் எதிர்த்திசையில் ஓடியது; கேட்டவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்து, தமிழுக்கு இங்கிலீஷில் ஓர் இலக்கணமே எழுதினார். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் இராமானுஜ கவிராயர். பின்னாளில் போப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய தமிழ் இலக்கணம் கேள்வியும் பதிலுமாகவே இருந்தது. 'போப்பையர் இலக்கணம்' என்று அதைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. தாம் கேட்டுப் படித்த வழியிலேயே பிறருக்கும் சொன்னார் போலிருக்கிறது. 1841-ல் இடையன்குடித் தேரிமணலில் குடியேறிய கால்டுவெல், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதில் நம் 'நாம்', 'நாங்கள்' விவகாரத்தையும் அலசியிருக்கிறார். நமக்கு 'தி' எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. இவ்வளவு படித்தவர்கள் பனங்காட்டு ஊர்களில் உட்கார்ந்து உள்ளூர்க்காரர்களிடம் கேட்கத் தயங்கவில்லை.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'டென்ஸ் புரியவில்லை' என்று மொட்டையாக எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது. சந்தேகம் வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். அதையே தமிழில் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ, அந்த வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், பேசுகிறபடியே இருக்கட்டும். 'ஃபார்', 'சின்ஸ்' பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில். அதற்குள், "நாலு நாளா காய்ச்சல்" என்பதற்கும் "திங்கட்கிழமையிலருந்து காய்ச்சல்" என்பதற்கும் இங்கிலீஷில் எதைப் போடுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்